தானியங்கி மாத்திரைப் பெட்டி: உப்புக்காற்றில், ஒற்றைக் கையால், கண் தெரியாமல்

கேள்வி: 2024 நவம்பர் 9, ராமநாதபுரம், இறுதியாண்டு மாணவர்

மாற்றுத்திறனாளிகளுக்குத் தானியங்கி மாத்திரைப் பெட்டி செய்கிறோம். பெட்டியை இயக்க இ.எஸ்.பி.32 போர்டு, வைஃபை, மொபைல் ஆப். நேரம் வந்ததும் மாத்திரை கிண்ணத்தில் விழும், பஸ்ஸர் அடிக்கும், வீட்டாருக்கு மெசேஜ் போகும். ஏழு நாள், நாலு வேளை, 28 அறை. வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கடலோரத்தில் யாராவது பயன்படுத்திப் பார்ப்பீர்களா? குறை இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு

பயன்படுத்த ஆள் இருக்கிறது தம்பி. பாம்பனில் என் சின்னம்மா. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை வராது. சர்க்கரையால் பார்வையும் போய்க்கொண்டிருக்கிறது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. காலையில் நாலு மாத்திரை, மதியம் ஒன்று, இரவு மூன்று. நான் உச்சிப்புளியில் படகு வயர்லெஸ், ஜி.பி.எஸ். ரிப்பேர் பார்க்கிறவன். போர்டு பக்கம் என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

கொண்டுவருவதற்கு முன் ஒன்றை மாற்றுங்கள். நேரம் வந்ததும் மாத்திரை தானாக விழக்கூடாது. சின்னம்மா எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் காலை மாத்திரை கிண்ணத்திலேயே கிடக்கும். மதியத்துடையது அதன்மேல் விழும். இரவு தடவிப் பார்த்தால் எட்டு மாத்திரை. எது எந்த வேளைக்கு என்று கண் தெரிந்தவருக்கே தெரியாது. சர்க்கரை மாத்திரை இரண்டு வேளைக்குரியது ஒன்றாக உள்ளே போனால், ராத்திரியில் சர்க்கரை இறங்கி ஆள் நினைவில்லாமல் கிடப்பார். ஒரு வேளை மறப்பதைவிட எனக்கு இதுதான் பயம்.

நேரம் வந்தால் பெட்டி கூப்பிடட்டும். கை வந்து கேட்டால்தான் கொடுக்கட்டும்.

செய்வது சிரமமில்லை. மோட்டார் அந்த வேளை அறையைத் துளைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். துளையின் கதவைத் திறப்பது மோட்டார் அல்ல, சின்னம்மா அழுத்தும் நெம்புகோல். நேரம் தவிர மற்ற பொழுதில் ஒரு சின்ன சர்வோ மோட்டார் அந்த நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தாமலே வேளை தாண்டினால் கதவு மூடியபடியே சக்கரம் அடுத்த அறைக்கு நகரும். விட்டுப்போன மாத்திரை அறையிலேயே இருக்கும். வாரக் கடைசியில் திறந்தால் எந்த வேளை தவறியது என்று தெரிந்துவிடும், ஆப் வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறு. அதை டாக்டர் சொல்லணும், கோட் எழுதுகிறவர் தீர்மானிக்கக் கூடாது.

நவம்பர் 10

"பட்டனில் பிரெய்ல் புள்ளி வைத்திருக்கிறோம்" என்கிறீர்கள். நடுவயதுக்குமேல் பார்வை போனவர்களில் பலருக்குப் பிரெய்ல் படிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே வந்ததில்லை. இங்கே இன்னொன்றும் இருக்கிறது.

சின்னம்மா கை ஓடுகிற காலமெல்லாம் பாசி எடுத்தவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டி வளரும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பிய்த்து எடுக்கணும். துணியையும் மீறிப் பாறை கிழிக்கும். சின்னம்மாவின் இடது கைப் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரேகையே இல்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டு, அதன்மேல் காய்ப்பு. ஆதாருக்கு விரல் வைத்தாலே மெஷின் எடுக்காது. சர்க்கரை வேறு விரல் நுனி உணர்ச்சியைக் குறைத்திருக்கிறது. அந்த விரலுக்கு உங்கள் பிரெய்ல் புள்ளி இருப்பதே தெரியாது.

ஆகவே விரல் வேண்டாம், உள்ளங்கை போதும் என்று வையுங்கள். நெம்புகோலுக்கு நாலு விரல் அகலத்தில் ஒரு பலகை, முழங்கையால் அழுத்தினாலும் இறங்கணும். அடியில் ரப்பர் கால் நல்ல பிடிமானமாக வையுங்கள். ஒரு கையால் அழுத்துகிறவருக்கு இன்னொரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வழி இல்லை. இதை இரண்டு கை உள்ளவர்கள் மேஜையில் வைத்துச் சோதித்தால் கண்ணில் படவே படாது.

கிண்ணம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் விழுந்தால் சத்தம் வராது. எவர்சில்வரில் 'டங்' என்று கேட்டால் மாத்திரை வந்துவிட்டது என்று காதுக்குத் தெரியும். பிறகு தடவி எண்ணிக்கொள்வார்.

நவம்பர் 13

மோட்டார் கணக்கு. நீங்கள் போட்டிருப்பது படிப்படியாகத் திரும்பும் 28பி.ஒய்.ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார், கூட அதை ஓட்டும் யு.எல்.என்.2003 டிரைவர். ஒரு சுற்றுக்கு 2048 படி என்று எல்லாரும் எழுதுவார்கள். 28 அறைக்கு வகுத்தால் 73.14. பின்னம் வருகிறது. 32 அறை வையுங்கள், அறைக்குச் சரியாக 64 படி. மிஞ்சும் நாலு அறையில் ஒன்று மூடிய ஓய்வு இடம், மற்றவை காலி.

அறைகள் இருக்கும் தட்டு பெரிதாகும். நீளமான மெட்ஃபார்மின் மாத்திரை படுக்கணும் என்றால் 20 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். சோறு சாப்பிடுகிற தட்டளவு. பரவாயில்லை, சின்னப் பெட்டி நழுவும்.

நவம்பர் 14

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதியதை எல்லாரும் படியுங்கள். இந்த மோட்டாரின் கியர் விகிதம் 64 இல்லை, ஏறத்தாழ 63.68. ஆகவே உண்மையில் ஒரு சுற்றுக்கு 2038 படிதான். 2048 படி ஓட்டினால் சுற்றுக்கு 1.8 டிகிரி கூடுதலாகப் போகும். வாரத்துக்கு ஒரு சுற்று. ஓர் அறையின் அகலம் 11.25 டிகிரி. மூன்று வாரத்தில் பாதி அறை தள்ளி நிற்கும். அப்போது பாதி துளைக்கு மேலே ஒரு வேளை, மீதியில் இன்னொரு வேளை. பயங்கரம்.

கல்லூரியில் ஒருநாள் ஓட்டிக் காட்டினால் இது வெளியே தெரியாது. தட்டின் அடியில் ஒரு சின்னக் காந்தம், கீழே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். ஒவ்வொரு சுற்றிலும் காந்தத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து படியை எண்ணட்டும். எதிர்பார்த்த இடத்தில் காந்தம் வரவில்லை என்றால் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொல்லணும். ஊகித்துக் கொடுக்கக் கூடாது.

நவம்பர் 22

20-ஆம் தேதி தீவில் கொட்டியது தெரியும்தானே. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். சின்னம்மா வீட்டில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. சித்தப்பா கட்டிலை உயர்த்திப் போட்டு அவரை அதன்மேல் உட்கார வைத்திருந்தார். மாத்திரைக் கவர்கள் சேலை முடிச்சில். காலை மாத்திரை எது என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் சித்தப்பா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

நேரத்தை வைஃபையிலிருந்து எடுக்கிற பெட்டி அன்றைக்குச் செத்திருக்கும். டி.எஸ்.3231 கடிகாரச் சிப் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு நிமிடம்தான் முன்பின் ஆகும். டி.எஸ்.1307 வேண்டாம், வெயில் ஏறி இறங்க அதன் கிரிஸ்டல் விலகும். கரண்ட் போனாலும் ஓட 18650 பேட்டரி செல் ஒன்று பின்னணியில். மோட்டார் நின்றதும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் சும்மா நிற்கும்போதே 200 மில்லி ஆம்பியர் குடிக்கும், மோட்டாரும் சுடும், மேலேயே மாத்திரை.

பெட்டி தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளணும். வெளியுலகத்தோடு பேச்சு கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை.

நவம்பர் 24

டி.எஸ்.3231 மலிவு மாட்யூல் வாங்கியவருக்கு: அதில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டயோடும் ரெசிஸ்டரும் இருக்கும். சாதாரண சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி சார்ஜ் ஏற்றக் கூடாத வகை. 5 வோல்ட்டில் ஓட்டினால் உப்பிவிடும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

டிசம்பர் 5

மாத்திரையைப் பற்றி யாருமே கேட்கவில்லை, மோட்டாரைப் பற்றியே கேட்கிறீர்கள். எல்லா மாத்திரையையும் பட்டையிலிருந்து பிரித்து அறையில் போட முடியாது.

சோடியம் வால்ப்ரோயேட். ஃபிட்ஸுக்குக் கொடுப்பது, மனநலத்துக்கும் கொடுப்பார்கள். மூளை வாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஃபிட்ஸும் இருக்கும் என்பதால் நம் பெட்டிக்கு அடிக்கடி வரப்போகிற மாத்திரை இது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விழுங்கும் வரை பட்டையிலேயே இருக்கணும். வாடைக்காற்று காலத்தில் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக் கிடக்கும். அந்தக் காற்றில் இதைப் பிரித்து ஒரு வாரம் வைத்தால் பிசுபிசுத்து அறையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரைகளும் அப்படித்தான்.

"பட்டையோடு கத்திரித்துப் போடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கண் தெரியாதவர் அதை அப்படியே வாயில் போட்டால்? அலுமினிய விளிம்பு உணவுக்குழாயைக் கிழிக்கும். அவசரத்தில் கண் தெரிந்தவர்களே விழுங்கிய சம்பவங்கள் மருத்துவத்தில் உண்டு. வேண்டவே வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான். நிரப்புகிறவர் கைதவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது பெட்டிக்குள் வரவே கூடாது, தனியாக, கிழமை பார்த்து, ஒருவர் கையால் கொடுக்கணும். பிரிக்கலாமா கூடாதா என்று மருந்தாளுநரிடம் ஒவ்வொரு மாத்திரைக்கும் கேளுங்கள். நான் சொன்னதை வைத்து மட்டும் நிரப்பாதீர்கள்.

டிசம்பர் 6

விட்டுப்போனது: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை. அது எந்தச் சக்கரத்திலும் போகாது. மடியிலோ தலையணைக்குக் கீழேயோ, கை எட்டும் இடத்தில்.

டிசம்பர் 19

உப்புக்காற்று என் தொழில், இதில் என் பேச்சைக் கேளுங்கள். ஜம்பர் வயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. படகு செட்டைத் திறந்தால் முதலில் போயிருப்பது கனெக்டர் கால்கள்தான், பச்சை பூத்துக் கிடக்கும். வயரை நேரே சால்டர் வையுங்கள். போர்டுக்கு இரண்டு கோட் வார்னிஷ், சென்சார் முகத்தை மட்டும் விட்டுவிட்டு. திருகு 316 ஸ்டீல்.

3டி பிரிண்ட் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்தீர்கள் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது 60 டிகிரியில் இளகும். சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஜன்னல் வெயில் விழும் இடத்தில் நாளெல்லாம் இருந்தால் தட்டு வளைந்துவிடும். பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். பிரிண்ட் கோடுகளுக்குள் மாத்திரைத் தூள் போய் உட்காரும், கழுவினாலும் போகாது. மாத்திரை படும் இடத்துக்கு மட்டும் கழற்றிக் கழுவக்கூடிய வழவழப்பான கிண்ணங்கள் வையுங்கள். ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல்லில் நீல நிறத்தது கோபால்ட் சேர்ந்தது, மாத்திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆரஞ்சு நிறத்தது வாங்கி, தனி அறையில் போட்டு, துளை வழியே காற்று படும்படி வையுங்கள்.

2025 ஜனவரி 7

பூட்டு. வந்த கடிதங்களில் பாதி இதுதான். "அம்மா கேட்காமல் எடுத்துவிடுவார், பூட்டு வேண்டும்." "அண்ணனுக்கு மனநலப் பிரச்சினை, சாவி எங்களிடம் இருக்கணும்."

இந்தக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு பூட்டு என்ற சொல்லை என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்கிறது. கட்டிவைத்தவர்களும் அன்றைக்கு 'அவர்கள் நல்லதுக்கு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாத்திரைப் பெட்டியும் சங்கிலியும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் உடம்புக்குள் போகிற பொருளின் சாவியை அவரைக் கேட்காமல் இன்னொருவர் இடுப்பில் செருகுவது அதே வழியில்தான் ஆரம்பிக்கிறது.

மொத்த மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுவாரோ என்ற பயம் பொய்யில்லை. அந்தப் பயம் இருக்கிற வீட்டில் பூட்டை நம்பாதீர்கள், பிளாஸ்டிக் பெட்டியை ஒரு கல்லால் உடைக்கலாம். இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் நிரப்புங்கள், மீதி வேறு வீட்டில் இருக்கட்டும். டாக்டரிடம் அண்ணனையும் உட்கார வைத்தே பேசுங்கள். அவர் நன்றாக இருக்கிற நாளில் "எனக்கு முடியாதபோது நீ வைத்துக்கொள்" என்று அவர் வாயால் சொன்னால் அது வேறு விஷயம். பலர் சொல்வார்கள். கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மகனுக்கு மெசேஜ் போவதும் இதே கணக்கு. சின்னம்மாவிடம் கேட்டேன். "ஏப்பா, அவன் குவைத்துல வேல பாக்கவா, நான் மாத்திர முழுங்குனேனான்னு பாக்கவா? ரெண்டு நா விட்டா சொல்லு, ஒரு வேளைக்கெல்லாம் சொல்லாத" என்றார். அதையே செட்டிங்காகப் போடுங்கள், மாற்றுகிற உரிமை அவர் கையில்.

ஜனவரி 8

"பூட்டு இல்லையென்றால் பேரப்பிள்ளை எடுத்துவிடாதா?" சரியான கேள்வி. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று சின்னக் குழந்தைக்குப் போனாலும் ஆபத்து. குழந்தைக்குத் திறக்காத மூடி என்றால் அழுத்திக்கொண்டே திருகணும், ஒரு கை வராதவருக்கு அதுவும் திறக்காது. குழந்தையைத் தடுப்பதெல்லாம் இவர்களையும் தடுக்கிறது. யோசித்துப் பார்த்ததில் உயரம்தான் வழி. நின்ற இடத்தில் பெரியவர் தோள் மட்டத்துக்கு ஒரு மரப் பலகை, பெட்டியை அதில் திருகிவிடுவது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது ஒத்துவராது. அவருக்கு, நெம்புகோலை மூன்று நொடி விடாமல் அழுத்தினால்தான் கதவு திறக்கும் என்று வைக்கலாம், கூடவே அந்த வேளை மாத்திரையைத் தவிர வேறெதுவும் வெளியே வராது. இதற்கு நல்ல விடை எனக்கு இன்னும் அகப்படவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ஜனவரி 26

பெட்டி பாம்பனுக்கு வந்துவிட்டது. கொடுப்பதில் தகராறு இல்லை, நிரப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021-இல் வந்த திட்டம், சின்னம்மா போன்றவர்களுக்குப் பஸ் ஏறுகிற வேதனையை மிச்சமாக்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் மாத்திரை ஒரே நிறத்தில், ஒரே அளவில் வருமென்று சொல்ல முடியாது. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள்.

நிரப்புவதை யாரோ செய்து மூடிவிட்டுப் போவது என்று நீங்கள் வைத்திருந்தீர்கள். சின்னம்மாவே செய்யட்டும் என்று மாற்றினோம். மூடியில் ஒரே ஒரு திறப்பு. தட்டு ஓர் அறையை அதன் கீழே கொண்டுவந்து நிறுத்தி "திங்கக்கெழம காலைல" என்று சொல்லும். அவர் போடுவார், பலகையை அழுத்துவார், "திங்கக்கெழம மத்தியானம்" என்று நகரும். சித்தப்பா பட்டையைப் பிரித்துக் கையில் கொடுக்கிறார், போடுவது சின்னம்மா. இருவரும் வாய்விட்டு எண்ணுகிறார்கள். இரண்டு பேர் எண்ணினால் தவறு வெளியே வருகிறது.

குரல், பேத்தியுடையது. டி.எஃப். பிளேயர் மினி என்ற ஒலி மாட்யூலில் மெமரி கார்டு போட்டு அவள் பேசியதை ஏற்றினோம். பஸ்ஸரை எடுத்துவிட்டோம். அந்தப் பியெஸோ பஸ்ஸர் கத்துவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ், வயதான காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியைத்தான். மனிதக் குரல் கேட்கிறது.

பிப்ரவரி 25

கீழக்கரையிலிருந்து ஒரு ராத்தா எழுதியிருக்கிறார்: உம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தாகிவிட்டது, சர்க்கரை, நோன்பை விடமாட்டேன் என்கிறார், பெட்டி காலை எட்டுக்கும் மதியம் ஒன்றரைக்கும் கூப்பிட்டால் என்ன செய்ய?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எத்தனை ஊர். ஒரு மாதம் முழுக்க வேளையே மாறிப்போகிற ஊருக்கு எட்டு, ஒன்றரை, எட்டு என்று கோட்டில் அடித்து வைத்த பெட்டி எதற்கு ஆகும்? தம்பி, 'நோன்பு' என்று ஒரு செட்டிங் தனியாக வையுங்கள். சஹர் என்கிற விடியலுக்கு முந்தைய சாப்பாடு, நோன்பு திறப்பு என்று இரண்டே வேளை, நேரத்தைக் கையால் நகர்த்தும்படி. ஆனால் மூன்று வேளை மாத்திரையை இரண்டாக மடக்குவது பெட்டியின் வேலையும் இல்லை, நம் வேலையும் இல்லை. சர்க்கரை மாத்திரையின் அளவையே சிலருக்கு மாற்ற வேண்டிவரும், சிலரை நோன்பு வேண்டாம் என்றே டாக்டர் சொல்லுவார். ராத்தா, பிறை பார்ப்பதற்குள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு அந்த செட்டிங்கைத் திறங்கள்.

மார்ச் 9

சங்கு குளிக்கப் போய், மேலே வந்ததும் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ஒருவர் பெட்டியைப் பார்க்க வந்தார். தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் எடுக்கிறார். அது திடீரென நிற்கக் கூடாத மாத்திரை, நின்றால் ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "தீரப்போகுதுன்னு எப்பச் சொல்லும்?" கடைசி அறை காலியான பிறகு சொல்வதாக இருந்தது. இப்போது நாலு நாள் முன்னாடியே சொல்கிறது, மண்டபத்துக்குப் போய் வாங்க ஆள் தேட அவகாசம் வேண்டும்.

காது கேளாதவருக்கு: பேத்தி குரல் பயன்படாது. செல்போனில் இருக்கும் அதிர்வு மோட்டார் பெரிதாகக் கிடைக்கிறது, வயர் இழுத்துத் தலையணைக்குக் கீழே. கூடவே ஒரு பளிச் விளக்கு.

மார்ச் 16

விலை கேட்டவர்களுக்கு: பிரிண்ட் செலவு நீங்கலாக 2000 ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்பீக்கரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையில் அதுவும் உண்டு. லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் எடுக்கணும், சாப்பாட்டிலுள்ள புரதம் அதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டு நேரத்தோடும் சேர்த்துப் பார்க்கணும். நாளில் நாலு வேளைக்கு மேல் போகிறவர்களும் உண்டு, 32 அறை ஒரு வாரத்துக்குப் பற்றாது. கை நடுங்குகிறவர் பலகையை அழுத்தும்போது ஒரு அழுத்தம் மூன்று நாலாகப் பதிகிறதா, கிண்ணத்தை எடுக்கையில் சிந்துகிறதா என்று நேரில் பார்க்கணும். தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள். தம்பி சனிக்கிழமை வருகிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களே வந்துவிடுகிறோம். நிஜ மாத்திரை போட்டுச் சோதிக்க மாட்டோம், கற்கண்டுதான்.